காருக்குள் கணினி: டெல்டா வெயிலுக்கும் நெல் சுணைக்கும் தாங்கும் மதர்போர்டும் திரையும்

அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு அனுப்பும் தொழில் எனக்கு. சம்பா அறுவடைக் காலத்தில் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையிலேயே பொழுது போய்விடும். எந்த வயலில் எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு, வயல் வரைபடம், ரசீது போடும் சிறு பிரிண்டர் ஆகிய எல்லாமே காருக்குள் இருந்தாக வேண்டும். இதற்காக ராஸ்பெர்ரி பை 5, இன்டெல் என்100 சில்லுடன் வரும் ஏஎஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் என்ற இரண்டு மதர்போர்டு பலகைகளையும், 7 அங்குலத்திலும் 10 அங்குலத்திலும் இரண்டு தொடுதிரைகளையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பயன்படுத்திப் பார்த்தேன். பாட்டும் வழிகாட்டும் வரைபடமும் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவே போதும். அவர்களுக்கு இந்த மதிப்புரை தேவைப்படாது.

மதர்போர்டு வாங்கப் போகும் எவரும் முதலில் கேட்பது செயலியின் வேகத்தைப் பற்றித்தான். காரைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பலகை எந்த வோல்டேஜில் மின்சாரம் எடுக்கிறது என்பதே. 12 வோல்ட் பேட்டரி என்று நாம் சொன்னாலும், முழு சார்ஜில் சும்மா நிற்கும்போது அது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். செல்ஃப் எடுக்கும் அந்த ஓரிரு நொடியில் 9 வோல்ட்டுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கி, சீரான வோல்டேஜாக மாற்றித் தரும் கன்வர்ட்டர் நடுவில் இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பலகையாக இருந்தாலும் ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அணைந்து எழும்.

ராஸ்பெர்ரி பை 5 சிறியது, செலவு குறைந்தது, லினக்ஸில் நன்றாக ஓடுவது. ஆனால் அதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். கடையில் 30 வாட், 45 வாட் என்று எழுதி விற்கும் கார் சார்ஜர்களின் மீது அச்சிட்டிருக்கும் சிறிய எழுத்தைக் கூர்ந்து படித்தால், 5 வோல்ட்டில் அவை தருவது பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் என்பது தெரியும். அந்த வாட் கணக்கு 9 வோல்ட்டுக்கும் அதற்கு மேலும் உரியது. 5 ஆம்பியர் கிடைக்காதபோது பை 5 தன் யுஎஸ்பி துறைகள் அனைத்துக்குமான மின்சாரத்தை மொத்தம் 600 மில்லி ஆம்பியராகக் குறைத்துக்கொள்ளும். ஜிபிஎஸ் கருவி, பிரிண்டர், திரையின் தொடு இணைப்பு ஆகிய மூன்றும் அதிலேயே தொங்கும்போது, ஏதாவது ஒன்று திடீரென்று வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணம். மின்சாரம் சட்டென்று அறுந்தால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் கெடும் அபாயமும் உண்டு. அதன் மைக்ரோ எச்டிஎம்ஐ துறையும், குண்டும் குழியுமான ஆற்றங்கரைச் சாலைகளுக்கு ஏற்ற உறுதி கொண்டதன்று.

என்100டிசி-ஐடிஎக்ஸ் 17 சென்டிமீட்டர் சதுரமான மினி-ஐடிஎக்ஸ் பலகை. இதன் சிறப்பு, 24 முனை பவர் சப்ளை இல்லாமல், மடிக்கணினியைப் போல ஒரே 19 வோல்ட் ஜாக்கில் ஓடுவது. செயலியின் வெப்ப அளவு 6 வாட் மட்டுமே என்பதால் விசிறி கிடையாது. 6 முதல் 34 வோல்ட் வரை உள்வாங்கிக்கொண்டு நாம் அமைக்கும் வோல்டேஜை வெளியே தரும் மினி-பாக்ஸ் டிசிடிசி-யுஎஸ்பி போன்ற கன்வர்ட்டரை இதனுடன் இணைத்தால், செல்ஃப் எடுக்கும்போது பலகை அசைவதே இல்லை. அந்தக் கன்வர்ட்டரில் இக்னிஷன் ஒயருக்குத் தனி முனை இருக்கிறது. சாவியைத் திருப்பினால் கணினி எழுகிறது. சாவியை எடுத்தபின் சிறிது நேரம் பொறுத்து, கணக்கைச் சேமித்து முறையாக மூடிக்கொள்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே பெயர் தெரியாத மலிவுக் கன்வர்ட்டர்களை ஒதுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. 24 முனைப் பலகை ஏற்கெனவே கையில் இருப்பவர்கள், காருக்கான 24 முனை பவர் சப்ளையான எம்4-ஏடிஎக்ஸ் வாங்கலாம். அதுவும் 6 முதல் 30 வோல்ட் வரை தாங்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டு வரப்போரம் கணினியை ஓட்டுபவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பலகையும் திரையும் சேர்ந்து 28 வாட் எடுத்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 2.3 ஆம்பியர் போகும். ஐந்து மணி நேரத்தில் 45 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியின் கால் பங்கு காலியாகிவிடும். பழைய பேட்டரி என்றால் அதுவே மறுநாள் காலையில் வண்டி கிளம்பாமல் போகப் போதுமானது.

விசிறி இல்லாத பலகையைத் தேர்ந்தெடுத்ததன் அருமை அறுவடைக் களத்தில்தான் தெரிந்தது. பை 5-க்கு மாட்டியிருந்த சிறு விசிறியின் இறக்கைகளில் நெல் சுணையும் வைக்கோல் தூசியும் பஞ்சு போல அப்பிக்கொண்டு, காற்றுப் போகும் வழியையே அடைத்திருந்தன. என்100 பலகையின் அலுமினியத் தகட்டில் படிவதும் அதே தூசிதான் என்றாலும், பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு முறை தட்டினால் போய்விடுகிறது. கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியையும் தாண்டக்கூடும் என்பதால், டேஷ்போர்டுக்குள் பலகையை வைக்க வேண்டாம். முன் இருக்கையின் அடியில், சேற்றுக்காலின் ஈரம் எட்டாதபடி தரையிலிருந்து சற்று உயர்த்திப் பொருத்துவது நல்லது. ஹார்டு டிஸ்க் குலுக்கலைத் தாங்காது, சுழலும் பாகம் இல்லாத, பலகையிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டியே போட வேண்டும்.

திரையைப் பொறுத்தவரை, அளவை விட வெளிச்சமே முக்கியம். சாதாரண மடிக்கணினித் திரைகள் 250 முதல் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரைதான் ஒளி தருகின்றன. நிழலே இல்லாத வயல்வெளிச் சாலையில், நடுப்பகலில், என்னிடமிருந்த 10 அங்குலத் திரையில் தெரிந்தது வரைபடமல்ல, என் வெள்ளைச் சட்டைதான். 800 முதல் 1000 நிட்ஸ் ஒளியுள்ள, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் வகை 7 அங்குலத் திரையில், அதே இடத்தில் பாக்கித் தொகையின் புள்ளி வரை படிக்க முடிந்தது. கண்கூசாத மேற்பூச்சு இருக்கிறதா என்றும், இரவில் ஒளியை நன்றாகக் குறைக்க முடிகிறதா என்றும் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். பிரகாசமான திரை இரவு ஓட்டத்தில் ஓட்டுநரின் கண்ணுக்கே எதிரியாகிவிடும்.

கைப்பேசியில் இருப்பதைப் போல விரல் பட்டாலே உணரும் கெப்பாசிட்டிவ் தொடுதிரை, ஈர விரலுக்குச் சில நேரம் தவறாகப் பதிலளிக்கும். அழுத்தினால் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் திரை அப்படிச் செய்யாது, ஆனால் அதன் பிளாஸ்டிக் படலம் வெளிச்சத்தைக் குறைக்கும், கீறலும் விழும். வெயிலை முன்னிட்டு நான் கெப்பாசிட்டிவ் திரையையே பரிந்துரைப்பேன். எச்டிஎம்ஐ கேபிள் படத்தை மட்டுமே கொண்டுவரும், தொடுவதற்குத் தனி யுஎஸ்பி கேபிள் வேண்டும் என்பதைப் பல விற்பனையாளர்கள் சொல்வதே இல்லை. ரிவர்ஸ் கேமராவைக் கணினி வழியாக இணைக்கக் கூடாது. கணினி எழுந்து வருவதற்குள் வண்டி பின்னால் போய்விடும். ரிவர்ஸ் கியர் ஒயரைக் கொடுத்தால் தானாகவே கேமராவுக்கு மாறும் ஏவி உள்ளீடு (கேமராவை நேரடியாக இணைக்கும் வீடியோ துறை) உள்ள திரையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மொத்தத்தில் என்100டிசி-ஐடிஎக்ஸ், டிசிடிசி-யுஎஸ்பி, பிரகாசமான 7 அங்குலத் திரை என்ற கூட்டணியையே நான் வைத்துக்கொண்டேன். ஜிபிஎஸ் பதிவு மட்டும் போதும் என்பவர்களுக்கு, 5 வோல்ட் 5 ஆம்பியரை உண்மையிலேயே தரும் கன்வர்ட்டருடன் பை 5-ஐப் பரிந்துரைக்கலாம். எதை வாங்கினாலும், பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். முன் பயணி ஏர்பேக் விரியும் பகுதியில் திரையைப் பொருத்த ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.