பரிசோதனைக் கையேடும் ஒரு ‘னி’ எழுத்தும்

மட்டக்களப்பு நகரிலுள்ள தனியார் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் கடந்த மாதம் என் பெரியம்மாவுக்குக் குருதிப் பரிசோதனை செய்வித்தபோது, முடிவுத் தாளுடன் 8 பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றையும் இலவசமாகத் தந்தார்கள். பரிசோதனைச் சேவையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. களுதாவளையிலிருந்து காலையிலேயே வந்தவரை நெடுநேரம் காத்திருக்க வைக்காமல் இரத்தம் எடுத்தார்கள்; பிற்பகலில் முடிவும் கிடைத்துவிட்டது. நான் எழுத விரும்புவது அந்தக் கையேட்டைப் பற்றியே.

முதலில் அது செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். பல வருடங்களாக நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் சென்ற முறை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் என்ற கழிவுப்பொருளின் அளவு 97 என்று எழுதப்பட்டிருந்தது. இம்முறை 1.1 என்று கண்டதும், “என்ன மனே, இப்படிக் குறைஞ்சிட்டு?” என்று பயந்துபோனார். கையேட்டின் மூன்றாம் பக்கம் அந்தப் பயத்தைத் தீர்த்தது. முன்னையது லீற்றருக்கு மைக்குரோமூல் கணக்கு, பின்னையது டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு, 1.1 ஐ 88.4 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ அதே 97 வந்துவிடுகிறது. வயது முதிர்ந்தவர்களுக்கும் விளங்கும்படி இதை எழுதியவருக்கு என் மனமார்ந்த நன்றி.

ஆனால் அந்த ஒரு சொல்லைக் கையேடு மூன்று விதமாக எழுதியிருக்கிறது. அட்டையில் ‘கிரியேட்டினின்’, உள்ளே ‘கிரியற்றினின்’, ஆறாம் பக்கத்தில் ‘கிரியற்றின்’. முதலிரண்டும் ஒரே பொருளின் இருவகை எழுத்துக்கூட்டல்களே. ஆங்கிலத்தின் ‘t’ ஒலிக்குத் தமிழகத்தார் ‘ட்ட’ எழுத, நாம் நம் நாவில் வழங்கும் ‘ற்ற’ உச்சரிப்பை ஒட்டி மீற்றர், லீற்றர் என்று எழுதிப் பழகியவர்கள். ஆகவே நம் வாசகருக்கு அச்சிடும் கையேட்டில் ‘கிரியற்றினின்’ என்பதையே முழுவதும் கைக்கொண்டிருக்கலாம் என்பது என் எண்ணம். எனினும் இதனால் யாருக்கும் தீங்கில்லை. மூன்றாவதோ எழுத்துப் பிழை அன்று, வேறொரு பொருளின் பெயர்.

பாரிஸ் நகரத்து வேதியியலாளர் செவ்ரோல் 1832 இல் இறைச்சிச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இறைச்சியைக் குறிக்கும் ‘கிரெயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கிரியற்றின் என்று பெயரிட்டார். அதிலிருந்து கிடைக்கும் மற்றொரு பொருளுக்கு 1847 இல் ஜேர்மனியரான லீபிக் கிரியற்றினின் என்ற பெயரைத் தந்தார். (மருத்துவர் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்ததும் அதே 1847 இல்தான். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று பின்னர் மானிப்பாயில் செய்து காட்டியவர் அவர்.) கிரியற்றின் தசையில் சக்தியைச் சேமிக்க உதவுவது, அதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு நாள்தோறும் ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து கிரியற்றினினாக மாறி, சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. பெயரில் ஒரு ‘னி’ கூடும்போது பொருளில் ஒரு நீர் மூலக்கூறு குறைகிறது. வெளியேற வேண்டிய அந்தக் கழிவு குருதியில் தேங்குவதைக் கொண்டே சிறுநீரகத்தின் நிலையை மதிப்பிடுகிறார்கள். கையேடு இதற்குத் தரும் ‘தசைக் கழிவு’ என்ற விளக்கம் மிகப் பொருத்தமானது. தசை என்ற நம் சொல் ஊனையும் குறிப்பதால் கிரேக்க வேரும் அதில் வந்துவிடுகிறது.

ஆறாம் பக்கத்திலோ, “கிரியற்றின் கூடினால் சிறுநீரகம் பழுதடைந்துள்ளது” என்று அச்சிட்டிருக்கிறார்கள். உடற்பயிற்சி நிலையத்துக்குச் செல்லும் என் அக்காவின் மகன் கிரியற்றின் மாவைப் பாலில் கலந்து குடிப்பவன். அந்த வரியைப் படித்த அன்று இரவு அக்கா உறங்கவேயில்லை. அந்த மாவும், பரிசோதனைக்கு முன்தினம் உண்ட இறைச்சியும் சிறுநீரகத்துக்குப் பழுதில்லாமலேயே கிரியற்றினின் அளவைச் சற்று உயர்த்தக்கூடும் என்பதையும், ஆகவே மாவு எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதையும் அங்கே எழுதியிருந்தால் எவ்வளவு பயனாக இருந்திருக்கும்!

பரிசோதனை முறையைப் பற்றி இரண்டே வரிதான் உள்ளது. காரக் கரைசலில் பிக்கிரிக் அமிலத்துடன் கிரியற்றினின் சேரும்போது செம்மஞ்சள் நிறம் தோன்றுவதை 1886 இல் ஜேர்மனிய அறிவியலாளர் யாஃபே கண்டறிந்ததும், அந்த முறை திருத்தங்களுடன் இன்றும் பல ஆய்வுகூடங்களில் வழங்குவதும் ஒரு பத்திக்குத் தகுதியான செய்திகள்.

பிழையை வரவேற்பு மேசையிலிருந்த தங்கையிடம் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, மேசையில் எஞ்சியிருந்த பிரதிகளில் பேனாவால் அந்த ‘னி’யை எழுதத் தொடங்கினார். முன்பே வாங்கிச் சென்றவர்கள், ஆறாம் பக்கத்தின் நான்காம் வரியில் அதைத் தாமே சேர்த்துக்கொள்ளுங்கள்.