கரூரிலிருந்து பிராங்க்பர்ட் போகக் கொழும்பில் ஏறுகிறேன்

எங்களுக்கு வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி. மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன், நாற்காலி மெத்தை. கரூரில் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஜனவரி என்றால் பிராங்க்பர்ட். ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி அப்போதுதான் நடக்கும். 2025-இல் கண்காட்சி தொடங்கிய நாளும் பொங்கலும் ஒன்றாக வந்தன. வீட்டில் பால் பொங்கும்போது அங்கே விடியற்காலை மூன்றரை மணி. ஹோட்டல் கட்டிலில் படுத்தபடி வீடியோ காலில் "பொங்கலோ பொங்கல்" சொன்னேன், பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

பிசினஸ் கிளாஸ் பழக்கம் ஆடம்பரத்தில் வந்ததில்லை. 2018-இல் இடுப்பு டிஸ்க் பிதுங்கியது. உட்கார்ந்தே இரவைக் கழிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வியாபாரத்தை விடவும் முடியாது. அந்த வருடம் திருச்சி டிராவல்ஸ்காரர் சொன்ன விலையைக் கேட்டதும் இடுப்புவலி தேவலை என்று தோன்றியது. அன்று தொடங்கி, கொரோனாவால் கண்காட்சி நடக்காத ஜனவரிகளைக் கழித்தால், ஒவ்வொரு வருடமும் இந்த டிக்கெட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். நேராகப் போய்த் திரும்பும் பயணம் என்றால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. என் பயணம் மான்செஸ்டரில் ஒரு வாடிக்கையாளர், பிராங்க்பர்ட்டில் கண்காட்சி, சில வருடம் அங்கிருந்து நியூயார்க் என்று மூன்று நான்கு ஊர் சுற்றும்.

முதலில் செய்த தப்பைச் சொல்கிறேன். இணையத்தில் 'மல்டி சிட்டி' என்ற கட்டத்தைத் திறந்து, சென்னை–மான்செஸ்டர், மான்செஸ்டர்–பிராங்க்பர்ட், பிராங்க்பர்ட்–சென்னை என்று வரிசையாக நிரப்பி, எல்லாவற்றுக்கும் பிசினஸ் என்று தேர்ந்தெடுத்தேன். வந்த விலையில் ஒரு பழைய தையல் யூனிட்டை விலை பேசலாம். டிராவல்ஸ் தம்பிதான் அமேடியஸ் என்ற டிக்கெட் பதிவு மென்பொருளின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: "அண்ணா, நடுவுல இருக்கிற குட்டிப் பயணத்தை எடுத்து வெளிய போடுங்க. போற முனை, வர்ற முனை ரெண்டையும் மட்டும் ஒரே டிக்கெட்டா வைங்க." அப்படிச் செய்ததும் விலை சரசரவென்று இறங்கியது. காரணம் எளிது. ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறித் திரும்புவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு ரிட்டர்ன் கட்டணங்களின் பாதிப் பாதியாகக் கணக்குப் போடும். நடுவில் ஒரு துண்டு பிசினஸ் கிளாஸைச் செருகினால் அந்தக் கணக்கு உடைந்து, ஒவ்வொன்றும் தனி ஒருவழிக் கட்டணமாகிவிடும். மான்செஸ்டரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதற்கு எகானமி போதும். ஐரோப்பாவுக்குள் பிசினஸ் என்பதும் பெரும்பாலும் அதே இருக்கைதான், நடு இருக்கையைக் காலியாக விட்டிருப்பார்கள், அவ்வளவே.

இரண்டாவது, எந்த ஊரிலிருந்து டிக்கெட் தொடங்குகிறது என்பது. விமானக் கட்டணம் தூரத்துக்குப் போடுவதில்லை. புறப்படும் ஒவ்வொரு ஊருக்கும், அந்த ஊர்க்காரர் எவ்வளவு கொடுப்பார், எத்தனை நிறுவனங்கள் போட்டியில் இருக்கின்றன என்று பார்த்துத் தனித்தனியாக நிர்ணயிக்கிறார்கள். சென்னையில் கம்பெனிச் செலவில் பறப்பவர்கள் அதிகம். நான் தேடிப் பார்த்த ஏறக்குறைய எல்லா வருடமும், அதே வளைகுடா நிறுவனத்தின் அதே வகை இருக்கை, கொழும்பிலிருந்து தொடங்கினால் கணிசமாகக் குறைவு. கரூர்க்காரனுக்கு இது இன்னும் வசதி. சென்னைக்குப் போக ஒரு இரவு ரயில். திருச்சி விமான நிலையமோ காரில் இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்பு. புது முனையம் 2024 ஜூனில் திறந்தபிறகு வரிசையில் நிற்கும் எரிச்சலும் குறைந்துவிட்டது.

2024 ஜனவரிக் கணக்கை அப்படியே வைக்கிறேன். மான்செஸ்டர் போய் பிராங்க்பர்ட்டிலிருந்து திரும்பும் டிக்கெட், சென்னையில் தொடங்கினால் 3,62,000 ரூபாய். கொழும்பில் தொடங்கினால் 2,31,000. திருச்சி–கொழும்பு போக வர 16,000, அந்தச் சின்ன விமானத்தில் கூடுதல் பெட்டி எடைக்கு 7,000, நீர்கொழும்பில் ஓர் இரவு அறை 6,500, டாக்ஸி, சாப்பாடு 4,500. ஆக 34,000 போக மிச்சம் 97,000. ஒரு லட்சம் மிச்சம் பிடித்தேன் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

எங்கள் ஆடிட்டர் அந்த ஊதிய பலூனில் ஊசி குத்தினார். சென்னை டிக்கெட்டில் ஜி.எஸ்.டி. இருக்கிறது. கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து எடுத்திருந்தால் சுமார் 35,000 உள்ளீட்டு வரி வரவாக, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாகத் திரும்பியிருக்கும். கொழும்பு டிக்கெட்டில் அந்த வரியும் இல்லை, திரும்ப வரவும் ஒன்றுமில்லை. ஆக நிஜ மிச்சம் 62,000. சொந்தக் காசில் போகிறவருக்கு முழு 97,000-உம் மிச்சம்தான். அப்போது பிசினஸ் கிளாஸுக்கு வரி 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. எகானமிக்கு அதே 5 சதவீதம்தான். ஆகவே விலையை ஒப்பிடும்போது, வரியைத் திரும்பப் பெற முடிந்தவர் கழித்து ஒப்பிட வேண்டும், முடியாதவர் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

ஊர்களின் வரிசையும் காசுதான். பிரிட்டனிலிருந்து நெடுந்தூரம் புறப்படும் உயர் வகுப்புப் பயணிக்கு விமானப் பயணிகள் வரி 200 பவுண்டைத் தாண்டும், எகானமியைப் போல இரு மடங்குக்கும் மேல். நாலு வருடம் பிராங்க்பர்ட்டை முடித்துவிட்டு மான்செஸ்டரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன், அந்த வரியை டிக்கெட்டில் கவனித்ததே இல்லை. இப்போது மான்செஸ்டர் முதலில், பிராங்க்பர்ட் கடைசியில். ஜெர்மனியிலும் புறப்பாட்டு வரி உண்டு, ஆனால் அது தூரத்தைப் பார்க்குமே தவிர வகுப்பைப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளருக்குக் கண்காட்சிக்கு முந்தைய வாரம் வருவது முதலில் பிடிக்கவில்லை. புது சீசன் வடிவங்களை மற்றவர்களுக்கு முன்னால் பார்க்கலாம் என்றதும் சரி என்றுவிட்டார்.

சனிக்கிழமை இரவு விதியும் இதே மாதிரிதான். மலிவான பிசினஸ் கட்டணங்களில், போன இடத்தில் ஒரு சனிக்கிழமை இரவு தங்க வேண்டும், அல்லது இத்தனை நாள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கும். வாரத்துக்குள் போய் வெள்ளிக்குள் திரும்பும் கம்பெனி அதிகாரிகளிடம் முழு விலை வாங்குவதற்கான ஏற்பாடு அது. கண்காட்சி வெள்ளியோடு முடியும். ஆனாலும் ஒரு வாரம் முன்பே போய்விடுவதால் நடுவில் வரும் சனிக்கிழமை எனக்கு அந்த விதியைத் தீர்த்துவைக்கிறது.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? ஐ.டி.ஏ. மேட்ரிக்ஸ் என்ற தேடல் பக்கம். கூகுள் 2011-இல் வாங்கிய நிறுவனத்தினுடையது. அங்கே டிக்கெட் வாங்க முடியாது, பார்க்க மட்டும்தான். கூகுள் ஃபிளைட்ஸில் மேலோட்டமாகத் தேதி பிடித்துவிட்டு, மேட்ரிக்ஸில் ஒரு மாத விலையையும் கட்டணம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதையும் பார்ப்பேன். கட்டண விதிகளைத் திறந்தால் பெரிய எழுத்தில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். அதில் நான் தேடுவது இரண்டு வார்த்தைகள்தான்: ஸ்டாப்ஓவர் அனுமதி உண்டா, தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு. 24 மணி நேரத்துக்குள் தொடர்ந்து ஏறினால் டிரான்சிட், அதைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர். 23 மணி நேர டிரான்சிட்டில் ஒருமுறை தோஹாவில் இறங்கி, ஒரு வியாபாரியைப் பார்த்து, தலப்பாக்கட்டுக்குக் குறையாத ஒரு பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு ஏறினேன். டிக்கெட் விலையில் ஒரு ரூபாய் கூடவில்லை. பார்த்து முடித்ததும் அந்தக் கட்டண விவரத்தை அப்படியே டிராவல்ஸ் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். நானே இணையத்தில் எடுக்கலாம்தான். ஆனால் நள்ளிரவில் விமானம் ரத்தானால் போனை எடுக்கும் ஒரு மனிதர் வேண்டும்.

இந்த வழியில் பட்ட அடிகளும் உண்டு. முதல் தடவை, திருச்சி கவுன்டரில் இரண்டு சாம்பிள் பெட்டிகளைத் தராசில் வைத்தேன். ஒவ்வொன்றும் 31 கிலோ. பிசினஸ் டிக்கெட்டில் 32 கிலோ வீதம் இரண்டு பெட்டி அனுமதி என்ற மிதப்பு. ஆனால் அந்த அனுமதி கொழும்பிலிருந்துதானே தொடங்குகிறது, கையில் இருப்பது தனியாக எடுத்த எகானமி டிக்கெட். அங்கேயே பெட்டியைத் திறந்து, துண்டு கட்டுகளைத் தரையில் பரப்பி, எதை விடுவது என்று நான் யோசிக்க, வளைகுடாவுக்குப் போகும் பையன்கள் மூன்று பேர் உதவிக்கு வந்தார்கள். கடைசியில் ஏப்ரன் எல்லாம் டிரைவரோடு கரூர் திரும்பின. இப்போது கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுகிறேன்.

இரண்டு தனி டிக்கெட் என்றால் நடுவில் நமக்குக் காவல் யாரும் இல்லை. திருச்சி விமானம் தாமதமாகி கொழும்பில் பெரிய விமானம் போய்விட்டால், பெரிய விமானத்துக்காரருக்கு நாம் வராத பயணி. டிக்கெட்டின் முதல் துண்டில், அதாவது முதல் பறப்பில், ஏறாவிட்டால் பின்னால் உள்ள எல்லாத் துண்டுகளும் ரத்தாகிவிடும். ஆகவே ஒரு நாள் முன்னதாகப் போய் நீர்கொழும்பில் தங்குவது எனக்குச் சட்டம். கொழும்பு விமானங்கள் வந்திறங்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கம். இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையில் நடந்தால் இடுப்புக்கும் நல்லது. என் நண்பர் ஒருவர் நடுத்துண்டைத் தவறவிட்டே மாட்டிக்கொண்டார். மான்செஸ்டர்–பிராங்க்பர்ட்டும் அவர் டிக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. வாடிக்கையாளர் பாரிஸ் வரை காரில் கூட்டிப்போகிறேன் என்றார், அங்கிருந்து ரயிலில் போய்விட்டார். திரும்பும் நாளில் பிராங்க்பர்ட் கவுன்டரில் அவர் பெயரில் டிக்கெட்டே உயிரோடு இல்லை. ஒருவழி டிக்கெட்டைப் புதிதாக, எகானமியில், அழாத குறையாக வாங்கினார்.

எனக்கு நேர்ந்தது வேறு. ஒருமுறை திரும்பும்போது விமானத்தை மாற்றிவிட்டார்கள், பிசினஸ் இருக்கை போதவில்லை, என்னை எகானமிக்கு இறக்கினார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கவுன்டரில் ஒரு லவுஞ்ச் கூப்பனை நீட்டி முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஐரோப்பிய விதிப்படி, அங்கிருந்து புறப்படும் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பறப்பில் வகுப்பை இறக்கினால், அந்தப் பறப்புக்கான கட்டணத்தில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். பல துண்டு டிக்கெட்டில் முழு விலைக்கும் கணக்கு வராது, அந்த ஒரு துண்டின் பங்குக்குத்தான். நாலு மாதம், ஏழெட்டு மின்னஞ்சல். வந்துவிட்டது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.யும் 2023 பிப்ரவரியிலிருந்து இதே போன்ற விதி வைத்திருக்கிறது. இறக்கியதற்கு எழுத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளாமல் கவுன்டரை விட்டு நகரக் கூடாது. நான் போர்டிங் பாஸ் இரண்டையும், பழையதையும் புதியதையும், போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதுதான் கை கொடுத்தது.

நியூயார்க் சேரும் வருடங்களில் இன்னொரு கஞ்சத்தனம் செய்கிறேன். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்கள் பெரும்பாலும் பகலில் பறக்கும். பகலில் எதற்குப் படுக்கை? அதற்கு மட்டும் பிரீமியம் எகானமி, நடுநடுவே எழுந்து நடக்கிறேன். திரும்பி வருவது இரவுப் பறப்பு, அதற்குப் படுக்கை கட்டாயம். படுக்கை என்று விற்கப்படுவதெல்லாம் படுக்கையும் இல்லை. சில பழைய விமானங்களில் இருக்கை சரிவாகத்தான் சாயும், இரவு முழுக்கக் காலை ஊன்றிச் சறுக்காமல் காத்துக்கொண்டிருக்க வேண்டும். விமான வகையையும் இருக்கை வரைபடத்தையும் பார்த்த பிறகே காசு கொடுக்கிறேன்.

உலகம் சுற்றும் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். விமான நிறுவனங்களின் கூட்டணிகள் விற்பது அது: ஸ்டார் அலையன்ஸ் மைல் கணக்கில் விற்கிறது, ஒன்வேர்ல்டு கண்டங்களின் எண்ணிக்கையில். இரண்டிலும் 16 துண்டு வரை. அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் கடந்து ஒரே திசையில் சுற்ற வேண்டும். ஜப்பானிலும் வியாபாரம் இருப்பவருக்கு அருமையான பொருள். எனக்குக் கிழக்கே வேலை இல்லை, ஆகவே விட்டுவிட்டேன். பறக்கப் பறக்கச் சேரும் பரிசுப் புள்ளிகளான மைல் சேர்ப்பதிலும் நான் பெரிய ஆளில்லை. மைலில் எடுத்தால் ஏர் கனடாவின் ஏரோபிளான் திட்டத்தில் 5,000 புள்ளி கூடுதலாகக் கொடுத்து ஒருவழியிலேயே ஒரு ஊரில் தங்கலாம் என்பது நல்ல வசதி. ஆனால் கண்காட்சி வாரத்தில் மைலுக்கு இருக்கை கிடைத்தால் அன்றைக்கு லாட்டரியும் வாங்கலாம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியதும் செப்டம்பர் நியூயார்க் பயணத்தை ரத்து செய்தேன். நல்லவேளையாகத் தேதி மாற்ற அனுமதிக்கும் கட்டணத்தில் எடுத்திருந்தேன், அதற்காக 11,000 அதிகம் கொடுத்தபோது மனைவி திட்டியது நினைவிருக்கிறது. கட்டணத்தில் சிறிது பிடித்துக்கொண்டு மீதியை வரவு வைத்தார்கள். அந்த வரவை வைத்து அடுத்த பிராங்க்பர்ட் டிக்கெட்டை எடுத்தாகிவிட்டது, கொழும்பிலிருந்துதான். இந்த முறை மனைவியும் வருகிறாள். நீர்கொழும்பில் ஓர் இரவு போதாது, இரண்டு வேண்டுமாம்.