கோணல் சுவரில் மட்டமான பலகை: எந்த வழி தாங்கும்?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், புத்தகம் அடுக்கக் கூடத்துச் சுவரில் பலகை அடிக்க வேண்டியிருந்தது. ஆறடி அலுமினியச் சட்டம் ஒன்றைச் சுவரோடு படுக்கவைத்துப் பிடித்தேன். நடுவில் தொட்டது, இரு முனைகளிலும் விரல் நுழைந்தது. தூக்குக்குண்டு இன்னொரு கதை சொன்னது. மேலே முக்கால் அங்குலம் தள்ளி நூலைப் பிடித்தால்தான் கீழே குண்டு சுவரில் இடிக்காமல் தொங்கியது. ஒன்றரைச் செங்கல் கனச் சுவர், சுண்ணாம்புக் காரை, அதன்மேல் தலைமுறை தலைமுறையாக அடித்த வெள்ளை. நேராக இருந்தால்தான் ஆச்சரியம்.

பலகையை மட்டமாக வைப்பது பெரிய வித்தையில்லை. ஓரடி ரசமட்டம் அது உட்கார்ந்திருக்கும் இடத்தை மட்டுமே சொல்லும். எட்டடிச் சுவருக்குக் கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய்தான் சரி; இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழி இருக்கக்கூடாது, இரு வாயும் திறந்திருக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து கட்டைவிரலை எடுக்க மறந்தால் தண்ணீரும் பொய் சொல்லும். தரையிலிருந்து டேப் பிடித்து அளக்கவே வேண்டாம். கழுவிய தண்ணீர் ஓடுவதற்காகக் கூடத்துத் தரையை முற்றம் பார்த்துச் சரித்தே போட்டிருப்பார்கள். உண்மையான கேள்விகள் வேறு: பலகைக்குப் பின்னால் விழும் இடைவெளியை என்ன செய்வது, அந்தக் காரை எவ்வளவு பாரம் பிடிக்கும்?

எங்கள் தச்சர் முதலில் சொன்னது எல் வடிவ இரும்புத் தாங்கி. சிக்கனம், எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கோணல் சுவரில் அதன் குறை ஒரு கணக்கில் தெரிந்துவிடும். தாங்கியின் எட்டு அங்குலக் கால் ஒரு புடைப்பின்மேல் உட்கார்ந்து, மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், பத்து அங்குலப் பலகையின் முன்விளிம்பு 6 மில்லிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். மூன்று தாங்கிகளும் மூன்று விதமாகச் சாய, பலகை முறுக்கிக்கொள்ளும். தாங்கிக்கும் சுவருக்கும் நடுவில் சக்கை (இடைவெளியை அடைக்கும் மெல்லிய துண்டு) வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் அட்டையை மடித்துச் செருகாதீர்கள், ஈரத்தில் ஊறி நசுங்கிவிடும். தச்சுப் பட்டறையில் வீணாகக் கிடக்கும் மைக்காத் துண்டுகள் அருமையான சக்கை. ஒரு துண்டு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், எண்ணி வைக்கலாம். இரண்டு தாங்கிகள், ஒரே பலகை என்றால் இந்த வழி போதும். ஐந்து தட்டு என்றால் பத்துத் தாங்கிக்கும் தனித்தனியாகச் சக்கை வைக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது?

அதனால்தான் என் ஓட்டு துளைச் சேனலுக்கு. செங்குத்தாக இரண்டு சேனல்கள், அவற்றின் துளைகளில் மாட்டும் கைகள். மேல் திருகை மட்டும் தளர்வாகப் போட்டுத் தொங்கவிட்டால் சேனலே தூக்குக்குண்டாகிவிடும். ஆடி நின்றதும் பின்னால் எங்கெங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் சக்கை கொடுத்து மற்றத் திருகுகளை முடுக்க வேண்டும். வெறியோடு முடுக்கினால் சேனல் சுவரின் வளைவுக்கே வளைந்துவிடும். தண்ணீர்க் குழாய் வைத்து இரண்டு சேனல்களின் மேல்துளையும் ஒரே மட்டத்தில் அமைந்துவிட்டால், மாட்டுகிற தட்டெல்லாம் மட்டம்தான்.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. பழைய சுவரில் டிரில் போடும்போது தூளின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பாக உதிர்ந்தால் செங்கல்; திருகு பிடிக்கும். வெள்ளையாகப் பொலபொலவென்று கொட்டினால் இரண்டு கல்லுக்கு இடையிலான காரை. பிளக்கோடு சேர்ந்து கையில் வந்துவிடும். எல் தாங்கியில் இருப்பதே இரண்டோ மூன்றோ துளைகள், தப்ப வழியில்லை. சேனலில் காரையில் விழுந்த துளையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். டிரில்லில் சுத்தியல் விசையை நிறுத்திவிடுங்கள். அந்த அதிர்ச்சியில் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்ததை இதே கூடத்தில் பார்த்தேன்.

குறையும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடைச் சாயல் வந்துவிடும். சுவருக்கும் தட்டுக்கும் இடையே சந்து விழும். பென்சிலும் சாவியும் அதில்தான் போகும், பின்விளிம்பில் ஒரு மரப்பட்டி அடித்தால் தீரும். சுவரின் வயிறு இரண்டு சேனல்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் தட்டு அதில் இடிக்கும். வயிற்றின் உச்சியிலேயே ஒரு சேனல் வருகிற மாதிரி இடம் பாருங்கள்.

தாங்கியே வெளியில் தெரியாத மிதக்கும் பலகை படத்தில் அழகு. ஆனால் அதன் பின்பக்கம் முழுதும் சுவரோடு படிய வேண்டும், பாரமெல்லாம் சில திருகுகளை நெம்பி இழுக்கும். காரைச் சுவரில் புகைப்படச் சட்டம் வைக்கலாம், புத்தகம் வேண்டாம். மூன்றடிக்கு அடுக்கினால் 25 கிலோ சர்வசாதாரணமாக வரும்.

சமையலறைக்கு மட்டும் நான் கட்சி மாறுவேன். சுவரை வெட்டிக் கடப்பாக்கல் பதித்துவிட்டால் கோணல் என்ற பேச்சே இல்லை. கல் சுவருக்குள் போய்விடுகிறது, இடுக்கை முன்பக்கம் பூசி மூடிவிடலாம். பருப்பு டப்பாவும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்கு ஒரு பொருட்டல்ல. நீளமாக ஒரே மூச்சில் வெட்டவிடாமல் ஒவ்வொரு தட்டாகப் பதித்து இறுகவிட வேண்டும். வெட்டின இடத்தைச் சிமெண்டால் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, அதைச் சுற்றிய பழைய பூச்சு பொரிய ஆரம்பிக்கும்; சுண்ணாம்பே போதும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சு உள்ள சுவரானால் கடப்பாவும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம். அந்த மெருகில் விழுந்த ஓட்டையை ஒட்டுத் தெரியாமல் அடைப்பது லேசில்லை. திருகுப் பாதம் வைத்த அலமாரியை ஒரு கை இடைவெளி விட்டு நிறுத்துவதே அங்கே மரியாதை.

கடைசியாக, எனக்கே விளங்காமல் இரண்டு நாள் குழம்பிய விஷயம். மேல்தட்டு தண்ணீர்க் குழாய்ப்படி மட்டம். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் "ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதே" என்றார்கள். அதற்கு நான்கு விரல் மேலே ஓடிய உத்தரம்தான் சாய்ந்திருந்தது. தட்டை ஒன்றரை அடி இறக்கி மாட்டினேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.