மங்கலான ஹெட்லைட், அணையாத பிரேக் லைட்: பழைய காரில் பல்பை மாற்றுவதா, வயரிங்கைப் பார்ப்பதா?

ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மஞ்சளடித்து எரிகிறதா? கடைக்குப் போகும் முன் இரண்டு பல்பையும் கழற்றி இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல் பல்போடு சேர்ந்து மறுபக்கம் போனால் பல்பு கிழடு. புதிது வாங்கிப் போட்டு வேலையை முடிக்கலாம். பழைய இடத்திலேயே நின்றால் எத்தனை பல்பு வாங்கினாலும் அது தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற கதைதான். கழற்றும்போது கண்ணாடியில் விரல் படாமல் உலோக அடியை மட்டும் பிடியுங்கள். ஹாலஜன் பல்பில் விரல் எண்ணெய் ஒட்டினால் அந்த இடம் அதிகமாகச் சூடேறி, ஆயுசு குறையும்.

என்னுடைய இருபது வயசுக் காரில் மங்கல் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட்; அந்தப் பல்பைச் செருகும் கப்ளரில் 11.4தான். நடுவில் 2.4 வோல்ட் காணோம். பாசிட்டிவ் பக்கம் அளந்தால் அரை வோல்ட் இழப்பு. மீதி 1.9 வோல்ட்டை எர்த் பக்கம், அதாவது கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பக்கம், விழுங்கியிருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் பேட்டரி தட்டுக்குக் கீழே ஒரு போல்ட். மேலே பெயின்ட், அடியில் துரு, வளையத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, திரும்ப முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். எர்த் இழப்பு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. அன்று வாங்கிய ஒரே பொருள் உப்புத்தாள்.

இழை பல்புக்கு வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். என் கணக்கில் 17 சதவீத வோல்ட்டேஜ் போனது, பாதி வெளிச்சத்தையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அதனால்தான் பழைய கார் விளக்கைப் பற்றி யார் கேட்டாலும், வெளிச்சத்தை விலைக்கு வாங்குவதற்கு முன் தொலைந்த வெளிச்சத்தைத் தேடுங்கள் என்கிறேன்.

சரி, மங்கலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்துகள் நான்கு. ஒவ்வொன்றாக மோத விடுவோம்.

100/90 வாட் பல்பு

எச்4, அதாவது ஹை, லோ இரண்டு இழையும் ஒன்றாக உள்ள பல்பின் வழக்கமான அளவு 60/55 வாட். ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. அதே சாக்கெட்டில் உட்காரும் 100/90 பல்பு உண்டு, சட்டென்று வித்தியாசமும் தெரியும். ஆனால் வயர் பழையது. வயரில் தொலையும் வோல்ட்டேஜ் கரன்ட்டைப் பொறுத்தது. கரன்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறினால் இழப்பும் அதே அளவு ஏறும். அதனால் கொடுத்த வாட் முழுசும் வெளிச்சமாக வருவதில்லை. ஒரு பகுதி கப்ளரில் சூடாக இறங்குகிறது. சில மாதம் கழித்துக் கப்ளரைக் கழற்றினால் பழுப்பேறிய பிளாஸ்டிக்கும் கருகிய வாடையும்தான் மிச்சம். ஹெட்லைட் கரன்ட் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே போகும் கார்களில் முதலில் சாவது அந்த சுவிட்ச். நான்கில் இதற்குத்தான் கடைசி இடம்.

இந்தப் பல்பைப் போட்ட கையோடு, ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுபவர்கள் உண்டு. ஃபியூஸ் காப்பது வயரை. வயர் அப்படியே இருக்க ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால், உருக வேண்டியது ஃபியூஸா வயரா என்ற முடிவை வயரிடமே விட்டுவிட்டோம்.

எல்இடி மாற்றுப் பல்பு

எல்இடிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அது கரன்ட்டைக் கம்மியாக இழுக்கும். உள்ளே இருக்கும் ‘டிரைவர்’ என்ற மின்சுற்று, வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சத்தைப் பிடித்து நிறுத்தும். அதனால் துருப்பிடித்த எர்த்தோடும் அது பளிச்சென்று எரியும். போட்டவர் வியாதி தீர்ந்தது என்று நம்பிவிடுவார். எர்த் அதே துருவோடு அங்கேயே இருக்கும்.

அடுத்தது எதிரே வருபவரின் கண். எச்4 பல்பைக் கையில் வைத்துப் பார்த்தால் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோகக் கிண்ணம் தெரியும். வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் தடுப்பது அதன் வேலை. அந்தத் தடுப்பால்தான் லோ பீமின் மேல் விளிம்பு கத்தி வெட்டியது போல நிற்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைத்தது. எல்இடியில் இழை கிடையாது. ஒரு தட்டையான தண்டின் இரு பக்கமும் சில்லு ஒட்டியிருக்கும். இழை இருந்த இடத்துக்குத் துல்லியமாகச் சில்லு வராவிட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறும். சுவர் முன்னால் நிறுத்திப் பார்த்தால் விளிம்பு கலங்கியிருப்பது தெரியும். ஓட்டுபவருக்குக் காருக்கு முன்னால் உள்ள பத்தடி பிரமாதமாகத் தெரியும், தூரம் தெரியாது. பல நாடுகளில் ஹாலஜனுக்கென்று செய்த ஹெட்லைட் கூட்டில் எல்இடி போடுவதைச் சட்டமும் ஏற்பதில்லை. பின்னால் உள்ள குட்டி விசிறி தூசியில் நின்றுபோனால் எல்இடி சூட்டிலேயே மங்கும். சில மலிவு ரகங்கள் ரேடியோவில் இரைச்சலும் கிளப்பும்.

பழைய கார் கூட்டுக்கு இது எனக்குச் சம்மதமில்லை.

சுத்தம் செய்வதும் ரிலேயும்

இந்த இரண்டும் போட்டி போல இருந்தாலும், ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. ரிலே என்பது குட்டிக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்.

சுத்தம் என்றால் எர்த் போல்ட், பேட்டரி டெர்மினல், பல்பு கப்ளர், ஃபியூஸ் பிடிப்பு. பழைய ஐரோப்பிய கார்களில் இரண்டு பக்கமும் கூம்பாக இருக்கும் ஃபியூஸ் வரும். பார்வைக்கு நன்றாக இருக்கும், விளக்கு எரியாது. விரலால் அதை அரைச் சுற்றுத் திருப்பினால் எரியும். முனையில் படிந்த களிம்பு உரசிக் கழன்றதுதான் காரணம். இப்படித் திருப்பியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் சுத்தம் செய்த பிறகும் பல்பில் ஒரு வோல்ட் குறைந்தால் குற்றம் வயரின் நீளத்திலும் சுவிட்சிலும் இருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 17 மில்லிஓம் தடை. இரண்டு லோ பீமுக்கும் சேர்த்து 9 ஆம்பியர் அப்படி ஒரே வயரில் 4 மீட்டர் போனால், வயரில் மட்டுமே 0.6 வோல்ட் போய்விடும். தேய்ந்த சுவிட்சின் பங்கு தனி. இங்கேதான் ரிலே ஜெயிக்கிறது. பழைய வயரின் வேலை இனி ரிலேயின் சுருளைத் தூண்டுவது மட்டும், அதற்கு 0.2 ஆம்பியர் அளவே போதும். விளக்குக்கான கரன்ட் பேட்டரியிலிருந்து நேராக, குட்டையான தடித்த வயரில் போகும். 2.5 சதுர மில்லிமீட்டரில் ஒன்றரை மீட்டர் என்றால் அதே 9 ஆம்பியருக்கு இழப்பு 0.1 வோல்ட்டைத் தொடாது.

ரிலேயின் கால்களில் பெரும்பாலும் இந்த எண்கள்தான் இருக்கும்: 30 பேட்டரியிலிருந்து, 87 விளக்குக்கு, 85-ம் 86-ம் சுருளுக்கு. 30-க்குப் போகும் வயரில் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டடி தள்ளி வைத்தால் அந்த இரண்டடிக்குக் காவல் கிடையாது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனி ஃபியூஸ் போடுங்கள். ஒன்று போனாலும் கார் குருடாகாது. ரிலேயைக் கால் கீழே பார்க்க மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது.

ரெடிமேட் ரிலே வயரிங் வாங்குபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பல ஜப்பானியக் கார்களில் பல்பின் பொதுக் காலுக்கு பாசிட்டிவ் வந்து, சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். வழக்கமான செட்டை அதில் செருகினால் லோ, ஹை குழம்பும். டேஷ்போர்டில் ஹை பீமைக் காட்டும் நீல விளக்கு அரைகுறையாக மினுங்கும். செருகும் முன் கப்ளரில் அளந்து, எந்தப் பக்கம் சுவிட்ச் ஆகிறது என்று பார்த்துவிடுங்கள். இந்த ஒரு தொந்தரவைத் தவிர்த்தால் வோல்ட்டேஜ் இழப்புக்கு ரிலேயை மிஞ்சிய மருந்து இல்லை. பாலிகார்பனேட் கூடு மஞ்சள் பூத்திருந்தாலோ ரிஃப்ளெக்டரின் வெள்ளிநிறப் பூச்சு உரிந்திருந்தாலோ அது மின்சாரத்தின் குற்றமல்ல. ரிலே அங்கே ஒன்றும் செய்யாது.

டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா?

இரண்டும் வேண்டும். பத்து செம்பு இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கரன்ட்டே இழுக்காது. டெஸ்ட் லேம்ப்பில் இருக்கும் குட்டிப் பல்பு கொஞ்சம் இழுப்பதால் படுமோசமான பிடிப்பில் மங்கித் துப்பு கொடுக்கும். ஆனால் எத்தனை வோல்ட் போனது என்று மீட்டர்தான் சொல்லும். அதனால் மீட்டரை விளக்கு எரியும்போதுதான் வைக்க வேண்டும். பேட்டரி பாசிட்டிவில் ஒரு முனை, பல்பின் பாசிட்டிவ் காலில் மறுமுனை. பிறகு பல்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அதே போல. எந்தப் பக்கம் அரை வோல்ட்டைத் தாண்டினாலும் கையைக் கறுப்பாக்க வேண்டியது அந்தப் பக்கம்தான்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் விளக்கு பிரகாசமாகிறதென்றால் இதையெல்லாம் தள்ளி வைத்து, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

பிரேக் லைட்: சுவிட்சா, ஹோல்டரா?

பின்பக்கம் வந்தால் குற்றவாளியை அறிகுறியே காட்டிக்கொடுக்கும். எல்லா பிரேக் லைட்டும் ஒன்றாகப் போனால் ஃபியூஸ் அல்லது பெடல் சுவிட்ச். ஆட்டோமேட்டிக் கார் சிலவற்றில் கியர் ‘பி’யிலிருந்து வெளியே வராமல் அடம் பிடிக்கும், அதற்கும் இதே சுவிட்ச்தான் காரணம். ஒரு பக்கம் மட்டும் போனால் பல்பு, ஹோல்டர், எர்த். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கும் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் குழம்புகிறது என்றால் எர்த் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். போக வழியில்லாத கரன்ட் பார்க்கிங் விளக்கின் 5 வாட் இழை வழியாகப் பின்வாசலில் வெளியேறப் பார்க்கிறது.

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு எரிவது இன்னொரு வேடிக்கை. 21/5 வாட் இரட்டை இழை பல்பின் இடத்தில் யாரோ ஒற்றை இழை பல்பை அழுத்திச் செருகியிருப்பார்கள். அல்லது பல்புக்குள் அறுந்த ஒரு இழை அடுத்ததன் மேல் சாய்ந்திருக்கும். இரட்டை இழை பல்பின் இரண்டு பக்க முளையும் ஒரே உயரத்தில் இராது. சரியாகப் பிடித்தால் தானாகத் திரும்பி உட்காரும். முக்கிப் போட வேண்டியிருந்தால் ஏதோ தப்பு.

அணையவே அணையாத பிரேக் லைட் பேட்டரியைத் தின்னும். 21 வாட்டில் மூன்று என்றால் 5 ஆம்பியர். 45 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரே இரவில் படுத்துவிடும். சுவிட்ச் போய்விட்டது என்று மாற்றும் முன், குனிந்து கால் வைக்கும் மேட்டைப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைந்த பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் பெடல் தண்டின் துளையில் இருந்த குட்டித் தடுப்பான் நொறுங்கிவிட்டது. சுவிட்சின் முளை அந்தத் துளைக்குள் புகுந்து நீண்டு நிற்கிறது. சுவிட்சோ, காலால் மிதித்திருப்பதாக நினைக்கிறது. அந்தத் துளையில் புதுத் தடுப்பான் போடுவதா, தட்டைத் தலை போல்ட் போடுவதா என்று கேட்டால், வீடு போய்ச் சேர போல்ட், நிரந்தரத்துக்குத் தடுப்பான். போல்ட் வேலை செய்யும், கழன்று விழும் கவலை மட்டும் கூடவே வரும்.

சுவிட்சைத் திருகிச் சரிசெய்வது இன்னொரு வழி. அளவுக்கு மீறி உள்ளே திருகினால் சுவிட்சே பெடலை லேசாக அழுத்திப் பிடித்து, பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கும். திருகிய பிறகு பெடலுக்கு உரிய தளர்ச்சி இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள்.

பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில் திருகப்பட்ட அழுத்த சுவிட்ச் உள்ள பழைய கார்களில் இந்தத் தகராறெல்லாம் இல்லை. அங்கே வேறொன்று: சுவிட்ச் தளர்ந்துவிட்டால், காலைப் பலமாக ஊன்றினால்தான் விளக்கு எரியும். பின்னால் வருபவருக்குச் சேதி தாமதம். அதைச் சரிசெய்யப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டியதுதான்.

பின்னால் எல்இடி போடலாமா? முன்னால் போட்டதைவிட இங்கே அதற்கு வாதம் பலம். இழை சூடேறும் நேரம் மிச்சம் என்பதால் எல்இடி சுமார் 0.2 நொடி முந்தி எரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது ஐந்தரை மீட்டர். ஆனாலும் இரட்டை இழைக்குப் பதிலாக வரும் பல எல்இடிகளில் பார்க்கிங்குக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசம் போதவில்லை. மிதித்தது தெரியாவிட்டால் முந்தி எரிந்து என்ன பயன்? சில பழைய கார்களில், வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல், பிரேக் பல்பின் இழை வழியாகத்தான் எர்த் பார்க்கும். எல்இடி போட்டால் அது வேலை செய்யாது. ஆகவே ஓரத்து இரண்டுக்கும் இழை பல்பு, தேய்த்த ஹோல்டர். நடுவில் உள்ள மூன்றாவது பிரேக் விளக்கு தனிக் கூடாக, எல்இடியாகவே செய்து வந்தால் தாராளமாகப் போடுங்கள்.

அந்த மூன்றாவது விளக்கு டிக்கியைத் திறந்து மூடும்போது மினுங்கினால் கீல் பக்கத்தில் வயர் போகும் ரப்பர் குழாயை இழுத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் மடங்கிய இடத்தில் வயரின் தோல் வெடித்து செம்பு தெரியும். முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பிசின் உருகி வழியும். சால்டர் வைத்தால் ஈயம் முடியும் விளிம்பில் வயர் விறைத்து, மறுபடி மடங்கும்போது அங்கேயே முறியும். மடிப்பைத் தாண்டிக் கொஞ்சம் புது வயர் சேர்த்து, இணைப்பு மடியாத இடத்தில் வருகிற மாதிரி க்ரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி), உள்ளே பசை தடவிய சுருங்கும் குழாய் போடுங்கள். பக்கத்து வயரும் பாதி அறுந்திருக்கும். ரப்பரை மூடும் முன் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.