மீட்டியோர் 350-இன் பின்பக்கத்தை இறக்கிய கதை: தகடு வேண்டாம், குட்டை ஷாக் போடுங்கள்

என் உயரம் 5 அடி 1 அங்குலம். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-இன் சீட் உயரம் 765 மி.மீ., எடை 191 கிலோ. க்ரூஸர்தானே, தாழ்வாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் சீட் அகலமாக இருப்பதால் தொடை விரிந்து, எட்ட வேண்டிய கால் எட்டாமல் போகிறது. சிக்னலில் நின்றால் எனக்கு விரல் நுனிதான் தரையில் படும். மழை பெய்த ரோட்டில், சரிவில், அவ்வளவு எடையை விரல் நுனியில் தாங்குவது நிஜமாகவே பயமாக இருந்தது. அதனால்தான் பின்பக்கத்தை இறக்க முடிவு செய்தேன்.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முதலில் வைத்திருந்தவர் பின் மட்கார்டை வெட்டிக் குட்டையாக்கி, அகலமான ஹேண்டில்பார் போட்டு, டெயில் லைட் ஒயரை மட்கார்டுக்கு அடியில் ஒரு கிளிப் வைத்துக் கொண்டுபோயிருந்தார். அந்த ஒயரால்தான் பிரச்சினையே.

முதலில் ஆன்லைனில் 1,100 ரூபாய்க்கு ஒரு ஜோடி தகடு வாங்கி, பக்கத்துக் கடையில் மாட்டிக்கொண்டேன். ஷாக்கின், அதாவது பின்சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரின், கீழ்முனையில் போல்ட் நுழையும் வளையத்தைப் பழைய இடத்தில் மாட்டாமல், கொஞ்சம் பின்னாலும் கீழேயும் தள்ளி மாட்டுவதற்கான தகடு அது. வண்டி உடனே உட்கார்ந்துவிடும், அது உண்மை. ஆனால் ஷாக் அதே ஷாக், அது அமுங்குகிற தூரமும் அதே தூரம். அப்படியென்றால் பள்ளத்தில் விழும்போது டயர் முன்பு நின்ற இடத்தையும் தாண்டி மேலே போகும், அங்கே இருப்பது மட்கார்டு. போதாததற்கு, பாரம் முழுவதும் போல்ட்டை விட்டுத் தள்ளி நிற்பதால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த போல்ட் வளைகிற பக்கமாக இழுபடும். நான்காவது நாள் வீட்டுக்காரரைப் பின்னால் உட்கார வைத்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது சர்ரென்று தேய்க்கிற சத்தம். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் டெயில் லைட் ஒயரின் தோல் உரிந்து உள்ளே செம்பு தெரிகிறது. இன்னும் இரண்டு தடவை தேய்த்திருந்தால் பிரேக் லைட் போயிருக்கும், எனக்குத் தெரிந்திருக்கவே செய்யாது. அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் கோவை சிங்காநல்லூர் பக்கம் அண்ணன் தம்பி இருவர் நடத்தும் சின்னப் பட்டறைக்குப் போனேன். அண்ணன்காரரின் முதல் கேள்வியே, "பின்னால யாருங்கக்கா உட்காருவாங்க, எடை எவ்வளவு இருக்கும்?" என்பதுதான். நான் இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னேன், முடியாது என்றுவிட்டார். 25 மி.மீ. குட்டையான ஷாக் போடலாம், அதற்கு மேல் இந்த மட்கார்டுக்கு ஆகாது என்றார். ஷாக் சாய்ந்து நிற்பதால் 25 குறைத்தால் சக்கர அச்சில் ஏறக்குறைய 30 இறங்கும், ஆனால் நாம் உட்காரும் இடம் இரண்டு சக்கரத்துக்கும் இடையில் இருப்பதால் அங்கே கிடைப்பது 20 சொச்சம்தான். மீதிக்கு சீட் தைப்பவரிடம் அனுப்பி இரண்டு ஓரத்திலும் ஃபோமைச் சீவச் சொன்னார்கள். என் பாதம் தரையில் பட்டதற்குப் பாதிக் காரணம் இந்தச் சீவல்தான். ஷாக்கைத் தொடுவதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

எனக்கு அங்கே நம்பிக்கை வந்த இடம் அடுத்தது. புது ஷாக் இரண்டிலும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஷாக்கை மட்டும் மாட்டினார்கள். தம்பி பக்கத்துப் பரோட்டாக் கடையில் ஓர் உருண்டை மாவு வாங்கி வந்து மட்கார்டின் உள்பக்கம் மூன்று இடத்தில் அப்பினார், கிளிப் இருக்கும் இடத்திலும் சேர்த்து. பிறகு இருவருமாகப் பின்பக்கத்தை அடிவரை அமுக்கினார்கள், உள்ளே இருக்கும் ரப்பர் நசுங்கும் வரை. டயரின் வரி அப்படியே மாவில் பதிந்திருந்தது. ஸ்கேல் வைத்து மிச்சமிருந்த கனத்தை அளந்தால் முன்னால் 14 மி.மீ., நடுவில் 12, கிளிப் இடத்தில் வெறும் 4. "நாலு பத்தாதுங்கக்கா, சேறு ஒட்டுனாலே போச்சு" என்று சொல்லி, கிளிப்பைப் பிடுங்கி, ஒயரை மட்கார்டின் ஓரமாக மாற்றிவிட்டு, மறுபடி மாவு அப்பி மறுபடி அமுக்கினார்கள். 11 வந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கையே போட்டார்கள். அமுங்கும் தூரம் குறைந்துவிட்டதால் அசலைவிடக் கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்.

பின்னால் இறக்கினால் மற்றதெல்லாம் மாறும், இதைப் பல கடைகளில் சொல்வதே இல்லை. 1,400 மி.மீ. வீல்பேஸில் (இரண்டு சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம்) பின்பக்கம் 30 இறங்கினால் வண்டி ஒரு டிகிரிக்குச் சற்று மேல் அண்ணாந்துவிடும், ஹெட்லைட் வெளிச்சம் 25 மீட்டர் தள்ளி அரை மீட்டருக்கு மேல் ஏறிவிடும், எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். அதை இறக்கி வைத்தார்கள். சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும், யாராவது லேசாக இடித்தால் மறுபக்கம் சாய்ந்துவிடும். என் ஸ்டாண்டை வெட்டாமல், வேறொரு செகண்ட் ஹேண்ட் ஸ்டாண்டு வாங்கி அதை வெட்டி வெல்டு வைத்து மாட்டினார்கள். செயின் தொய்வை மறுபடி சரிபார்த்தார்கள். சென்டர் ஸ்டாண்டு மட்டும் இப்போது எனக்குத் தனியாகப் போட வரவில்லை, சக்கரம் மேலே போய்விட்டதால் வண்டியை இன்னும் அதிகம் தூக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து வால்பாறை போனேன். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், முன்பு சாய்த்த அளவுக்கே சாய்த்தபோது ஃபுட்ரெஸ்ட் இரண்டு இடத்தில் தரையைத் தொட்டது. இப்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். சிறு பள்ளங்கள் முதுகில் முன்பைவிடத் தெரிகின்றன. கணவரோடு போகும்போது ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) இரண்டு படி ஏற்றிக்கொள்கிறேன், அதன்பிறகு தேய்க்கிற சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை. ஊட்டி, கொடைக்கானல் என்று வளைவில் படுத்து ஓட்டுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

ஷாக், சீட் வேலை, ஸ்டாண்டு, கூலி எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய். வண்டி இரண்டு நாள் அங்கே நின்றது. ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அதனால் இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என் பழைய ஷாக்கையும் வெட்டாத அசல் ஸ்டாண்டையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். பரணில் இருக்கிறது.