வீட்டுக்கு வந்த 'நர்ஸ்': சென்னையில் ஒரு ஹோம் நர்சிங் சேவை பற்றிய மதிப்பீடு

இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் தாயாரைக் கவனித்துக்கொள்ள, நங்கநல்லூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு 40 நாட்கள் ஒரு தனியார் நிறுவனத்தின் ஹோம் நர்சிங் சேவையை அமர்த்தியிருந்தோம். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நேரம் தவறாமையில் அவர்களுக்கு முழு மதிப்பெண் தரலாம். ஒருவர் விடுப்பு எடுத்த நாளில்கூட மாற்று ஆள் காலை 8 மணிக்கு முன்பே வந்து சேர்ந்தார்.

முதலில் வந்த பெண்ணை 'ஸ்டாஃப் நர்ஸ்' என்றே அறிமுகப்படுத்தினார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதிலும் உடம்பு துடைத்துவிடுவதிலும் அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா இன்றைக்கும் அவரைத்தான் கேட்கிறார். ஆனால் மூன்றாம் நாள் காலை, இன்சுலின் போடுவதற்காக அவர் தம் பையிலிருந்து எடுத்த சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்த குப்பியோ ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டது. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான் பொருந்தும். ஆரஞ்சு மூடி ஒரு மில்லிக்கு 100 யூனிட் கொண்ட இன்சுலினுக்கு உரியது என்பதால், அதில் 20 என்ற கோடுவரை மருந்தை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட் மட்டுமே. நல்லவேளையாக நான் அருகில் இருந்தேன். மெதுவாக விசாரித்தபோது, தாம் ஆறு மாதப் பயிற்சி மட்டுமே பெற்றவர் என்று தயங்காமல் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

செவிலியர் என்று சொல்லிக்கொள்ள இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம்., நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் ஆகிய செவிலியர் படிப்புகளில் ஒன்றை முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்திருக்க வேண்டும். அந்தக் கவுன்சில், 1926-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தின் வழி வந்தது. அலுவலகமும் தொலைவில் இல்லை, சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. மருத்துவர்கள் தம் பதிவு எண்ணை மருந்துச்சீட்டிலேயே குறிப்பிட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கூறுகின்றன. வீட்டுக்குள் வந்து ஊசி போடுபவரின் பதிவு எண்ணையோ நாமாகக் கேட்டால்தான் உண்டு. நான் கேட்டதற்கு, "இதெல்லாம் யாரும் கேக்கறதில்லையே சார்" என்றார் மேலாளர். அவர் சொன்னது பொய்யாக இருக்காது.

இரண்டு நாள் கழித்து, பதிவுச் சான்றிதழின் நகலோடு ஜி.என்.எம். முடித்த சிஸ்டர் ஒருவரை அனுப்பினார்கள். வந்ததும் கை கழுவினார். டிஸ்சார்ஜ் சம்மரியை முழுவதும் படித்தார். கலங்கலாக இருக்கும் இன்சுலின் குப்பியைக் குலுக்காமல் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினார். பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் போட்டார். அதுவரை நாங்கள் சமையலறைக் குப்பையில்தான் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

குளிப்பாட்டவும் நடக்கப் பழக்கவும் உதவியாளர் மட்டும் போதுமென்றால் இந்த நிறுவனத்தைத் தயங்காமல் அழைக்கலாம். ஊசி, டிரெஸ்ஸிங், யூரின் டியூப் என்று ஏதாவது இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே பதிவு எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். மாதக் கடைசியில் வந்த பில்லில் இருவரும் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்றே இருந்தார்கள், நாளொன்றுக்கு அதே 1,400 ரூபாய். முதல் ஐந்து நாட்களுக்கான வித்தியாசத்தைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.