மெரினா ஞாயிறு மாலை: 35 எம்எம்மா, 85 எம்எம்மா?

மெரினாவில் ஜனங்கள் பொழுதுபோக்குவதைப் படமெடுக்க ஒரே ஒரு லென்ஸ்தான் கொண்டுபோகலாம் என்றால், என் ஓட்டு அகலமாகக் காட்டும் 35 எம்எம்முக்கு; தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 85-க்கு அல்ல.

85 எம்எம்மில் (முழு ஃபிரேம், அதாவது பழைய ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள கேமராவைச் சொல்கிறேன்) ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தாலும் ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பலூன் சுடுபவர் ஒற்றைக் கண்ணைச் சுருக்குவது அவர் கவனம் கலையாமல் கிடைக்கும். ஆனால் லென்ஸ் துவாரத்தை எஃப் 2 அளவுக்கு அகலமாகத் திறந்தால் பின்னணி கரைந்துபோய், அது மெரினாவா பெசன்ட் நகரா என்றே தெரியாது. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறுக்கே வந்துகொண்டே இருக்கும்.

35-இல் அதே ஆளுக்கு இரண்டு மீட்டர் போதும். துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கி வைத்து ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் 2 முதல் 7 மீட்டர் வரை எல்லாமே தெளிவு. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குக் காத்திருக்கும் பாட்டி, அவர் கையை இழுக்கும் பேத்தி, பின்னால் சுண்டல்காரர், குதிரை எல்லாம் ஒரே படத்தில் வரும். கிட்டே போவதால் நம்மைப் பார்த்துவிடுவார்கள்தான். "எடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிடுங்கள். முதலில் போஸ் கொடுப்பார்கள். அடுத்த அலை வந்ததும் நம்மை மறந்துவிடுவார்கள். குழந்தைகள் என்றால், எந்த லென்ஸானாலும் பெற்றோரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

85 ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்குவதால், தண்ணீர் ஓரத்தில் நின்று கரையைப் பார்த்து எடுத்தால் எதிரே நிற்பவரின் முடியோரம் மின்னும். லென்ஸ் முனையில் மாட்டும் வெளிச்ச மறைப்பான ஹூட்டை மட்டும் மறக்காதீர்கள்.